கனியும் கையும்: நிலைப்பொருள் ஓவியக் குறியீட்டு வாசிப்பும் கொங்கு மரபும்

முன்னுரை

பழக்கூடை, பூச்சாடி, கண்ணாடிக் குவளை, கத்தி, மேசைவிரிப்பு என அசையாத பொருள்களை மட்டும் கொண்டு தீட்டப்படும் ஓவியத்தைத் தமிழில் நிலைப்பொருள் ஓவியம், அசையாப்பொருள் ஓவியம் எனப் பலவாறு வழங்குவர். டச்சு மொழியில் இதற்குரிய பெயர் ‘அசைவற்ற வாழ்வு’ என்று பொருள்படும். பிரெஞ்சு மொழியிலோ அதன் பெயர் ‘இறந்த இயற்கை’ என்பதாகும். ஒரே ஓவிய வகையை ஒரு மொழி வாழ்வின் பக்கத்திலும் இன்னொரு மொழி சாவின் பக்கத்திலும் நிறுத்தியிருப்பது, தட்டில் கிடக்கும் ஒரு பழத்தின் பொருள் எளிதில் முடிந்துவிடுவதன்று என்பதைக் காட்டுகிறது.

ஆயினும் இவ்வோவியங்களை விளக்கும் நூல்களில் ஆயத்தமான ஓர் அட்டவணை உண்டு. ஆப்பிள் என்றால் மனிதனின் வீழ்ச்சி. மாதுளை என்றால் உயிர்த்தெழுதல். திராட்சை என்றால் திருவிருந்தின் இரசம். தோலுரித்த எலுமிச்சை என்றால் புறத்தே அழகும் அகத்தே புளிப்பும். அழுகத் தொடங்கிய பழம் என்றால் நிலையாமை. இவ்வட்டவணை இன்று தமிழ் ஆய்வுக்குள்ளும் வந்துவிட்டது. ஓவியத்தை விளக்குவதற்கு மட்டுமன்றி, கவிதையிலும் புனைகதையிலும் வரும் கனிகளை விளக்குவதற்கும் அது கையாளப்படுகிறது. தமிழ் மரபில், சிறப்பாகக் கொங்குநாட்டு மரபில், கனியின் பொருள் கனிக்குள் இல்லை. அது யார் கையிலிருந்து யார் கைக்குச் செல்கிறது என்பதில்தான் இருக்கிறது என்பதும், இதனைக் கருதாத குறியீட்டு வாசிப்பு சில இடங்களில் பிழையாவதோடு அநீதியாகவும் முடியும் என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

மேலை மரபில் கனி

அட்டவணையை மறுப்பதற்கு முன் அது பிறந்த இடத்தை அறிதல் வேண்டும். மிலான் நகரின் அம்புரோசியக் கலைக்கூடத்தில் உள்ள கரவாஜ்ஜியோவின் ‘பழக்கூடை’ 1599ஆம் ஆண்டளவில் தீட்டப்பட்டது. அதில் ஆப்பிளில் புழுத்துளை தெரிகிறது. இலைகள் வாடிச் சுருண்டுள்ளன. பதினேழாம் நூற்றாண்டின் டச்சு ஓவியர்கள் மண்டையோடு, மணற்கடிகை, அணைந்த மெழுகுவர்த்தி ஆகியவற்றோடு கனியையும் சேர்த்து, உலகப் பொருள்களின் வெறுமையை உணர்த்தும் தனி வகையையே வளர்த்தனர். விவிலியத்தின் பிரசங்கி ஆகமத்து நிலையாமைக் கருத்தே அவ்வகைக்குப் பெயரளித்தது.

அக்காலத்து டச்சுச் சமூகம் கடல் வணிகத்தால் செல்வம் கண்ட சமூகம். பீட்டர் கிளாஸ் 1627இல் தீட்டிய விருந்து மேசை ஓவியத்தில் பழங்களுக்கும் சிப்பிகளுக்கும் இடையே, சுருட்டிய தாளில் மிளகு கொட்டிக் கிடக்கிறது. ஆசியக் கரைகளிலிருந்து கப்பலேறிச் சென்ற மிளகு அது. மேசையில் மிளகு உண்டு. அதை விளைத்தவர் கையோ பறித்தவர் கையோ இல்லை. உடைமையாளர் தம் உடைமையைப் பார்த்து, ‘இதுவும் அழியும்’ என்று நினைத்துக்கொள்வதற்கான ஓவியம் அது. நிலையாமை அங்கு உடைமையாளரின் தனிப்பட்ட மனக்கலக்கமாகச் சுருங்கிவிடுகிறது.

மேலை மரபின் தொடக்கமே இதுவென்று கருத வேண்டியதில்லை. உரோமக் கட்டடக்கலை நூலாசிரியர் விட்ருவியஸ் தம் நூலின் ஆறாம் பகுதியில் ஒரு செய்தியைக் குறிப்பிடுகிறார். கிரேக்கச் செல்வர்கள் தம் இல்லத்தில் தங்கும் விருந்தினர்க்குக் கோழி, முட்டை, காய்கனி முதலியவற்றை அனுப்பி வைப்பர். அவ்வாறு அனுப்பப்படும் பொருள்களைத் தீட்டிய ஓவியங்களை ஓவியர்கள் ‘செனியா’ என்று அழைத்தனர். விருந்தினர்க்கு அளிக்கும் கொடை என்பது அச்சொல்லின் பொருள். ஆக, கனியோவியத்தின் பழைய பெயர்களுள் ஒன்று விருந்தோம்பலின் பெயராகவே இருந்திருக்கிறது. கொடுத்த கை பிற்காலத்தில்தான் படச் சட்டத்திற்கு வெளியே சென்றது. எனவே தமிழ் மரபின் வழியே கனியை வாசிப்பது மேலை மரபுக்கு எதிரான செயலன்று. அம்மரபே மறந்துவிட்ட ஒரு வினாவை மீட்டெடுக்கும் செயலாகும்.

மரத்திற்கும் உணவுக்கும் இடையில்

தொல்காப்பியம் கருப்பொருள்களை வகுக்கும்போது தெய்வம், உணா, விலங்கு, மரம், புள், பறை, தொழில், யாழ் என்று எண்ணுகிறது. அப்பட்டியலில் மரம் உண்டு, உணவும் உண்டு. கனி என்று தனியொரு வகை இல்லை. இதனைக் குறையாகக் கொள்ள வேண்டியதில்லை. கனி, மரத்திலிருந்து உணவுக்குச் செல்லும் வழியில் இருக்கும் ஒன்று. அது ஒரு பொருளாக நிற்பதைவிட ஒரு கடப்பாகவே நிகழ்கிறது.

உள்ளுறை உவமம் அமையும் முறையும் இதையே உறுதிப்படுத்துகிறது. குறுந்தொகை எட்டாம் பாடலில் கழனியோரத்து மாமரத்தின் முதிர்ந்த பழம் தானே உதிர, நீரில் இருக்கும் வாளைமீன் அதைக் கவ்விக்கொள்கிறது. பரத்தை கூற்றாக வரும் அப்பாடலில் தலைவன் அவளிடம் எளிதில் வந்து சேர்ந்தமை இக்காட்சியால் உணர்த்தப்படுகிறது. இங்கு ‘மாம்பழம்’ என்ற சொல்லுக்கு நேராக ஒரு பொருளை எழுதிவிட முடியாது. மரம், உதிர்தல், நீர், மீன், கவ்வுதல் என்னும் நிகழ்ச்சி முழுவதும் சேர்ந்தே பொருள் தருகிறது. அதே குறுந்தொகையின் 292ஆம் பாடலிலும் மாங்காய் நீரில் வருகிறது. ஆனால் அங்கு அது ஒரு கொலைக்குக் காரணமாகிறது. ஒரே தொகைநூலுள், ஒரே மரத்தின் விளைவு, ஒரே நீர்; பொருளோ முற்றிலும் வேறு. அகரவரிசைப்படுத்திய குறியீட்டு அகராதி தமிழ்ச் செய்யுளுக்கு ஏன் பொருந்தாது என்பதற்கு இவ்விரு பாடல்களே போதும்.

திருக்குறளும் இத்தகைய ஓர் இணையைத் தருகிறது. ஒப்புரவறிதல் அதிகாரத்தில், பிறர்க்குப் பயன்படுவான் செல்வம் ஊருக்குள் பழுத்த பயன்மரத்திற்கு ஒப்பிடப்படுகிறது (குறள் 216). நன்றியில்செல்வம் அதிகாரத்தில், யாராலும் விரும்பப்படாதவன் செல்வம் ஊர் நடுவே பழுத்த நச்சுமரத்திற்கு ஒப்பிடப்படுகிறது (குறள் 1008). இரண்டு மரங்களும் ஊருக்குள்தான் நிற்கின்றன, இரண்டும் பழுத்திருக்கின்றன. கண்ணுக்கு இரண்டும் ஒரே ஓவியம். ஒன்றிலிருந்து கை நீளலாம். மற்றதிலிருந்து நீளக்கூடாது என்பதே வேறுபாடு.

பேச்சு வழக்கிலும் இந்நுட்பம் வாழ்கிறது. சிறுவர்கள் பிணங்கிக்கொண்டால் ‘காய்’ விடுவார்கள்; இணங்கினால் ‘பழம்’ விடுவார்கள். காரியமாகப் போய் வந்தவரிடம் ‘காயா, பழமா?’ என்று கேட்பது பெரியவர்கள் வழக்கு. முதிர்தல் என்பது மரத்தில் நிகழும் மாற்றம். அதனை உறவில் நிகழும் மாற்றத்திற்குப் பெயராக்கியிருக்கிறது தமிழ்.

கொடுத்த நெல்லி

கொங்குநாட்டின் வடபால் அமைந்த தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி ஒளவையாருக்கு அளித்த நெல்லிக்கனி தமிழர் நினைவில் மிக ஆழமாகப் பதிந்த கனி. புறநானூற்றின் 91ஆம் பாடல் அதற்குச் சான்று. அப்பாடல் நெல்லியின் நிறத்தையோ சுவையையோ விரித்துப் பேசவில்லை. மலைப்பிளவில் இருந்த அக்கனியைப் பெறுவதன் அருமை பேசப்படுகிறது. அதன் பயனைச் சொல்லாமல் தன்னுள் அடக்கிக்கொண்டு அரசன் அதை ஈந்தமை பேசப்படுகிறது.

டச்சு ஓவியத்தின் கனி, அதை உடையவனுக்குச் சாவை நினைவூட்டுகிறது. அதியமான் கையிலிருந்த கனி சாவை நீக்கவல்லதாகக் கருதப்பட்டது. அவன் அதைத் தானே வைத்துக்கொள்ளாமையால்தான் அது பாடலாயிற்று. இரண்டு கனிகளும் சாவோடு தொடர்புடையவை. ஆனால் முதலாவதில் கனிக்கும் உடையவனுக்கும் இடையே வேறு எவரும் இல்லை. இரண்டாவதில் பெறுபவர் ஒருவர் இருக்கிறார். பெரியபுராணத்தின் காரைக்காலம்மையார் வரலாற்றிலும், கணவன் அனுப்பிய இரு மாங்கனிகளுள் ஒன்றை அம்மையார் சிவனடியாருக்குப் படைத்துவிட்ட பின்னரே மற்றொரு கனி அருளால் கைக்கு வருகிறது. கொடுத்தல் நிகழ்ந்த பிறகே கனி பொருள் பெறுகிறது.

கொங்கின் தென்பால் உள்ள பழனியின் கதையோ பங்கிட முடியாத கனியைப் பற்றியது. உலகை வலம்வந்தவனுக்கு அன்றிப் பெற்றோரை வலம்வந்தவனுக்குப் பழம் கிடைக்க, இளையவன் பிணங்கி மலையேறுகிறான். அம்மலையில் இன்று வழங்கப்படும் பஞ்சாமிர்தத்திற்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மலைவாழைப்பழத்தைச் சர்க்கரை, நெய், தேன், ஏலம் முதலியவற்றோடு பிசைந்து செய்யும் அப்பண்டம் வருவோர் அனைவர் கைக்கும் செல்கிறது. ஒருவருக்கு மட்டும் என்றிருந்த கனியால் பிரிவு நேர்ந்த மலையிலேயே, உருவம் கரைந்து எல்லாருக்குமான கனி வழங்கப்படுகிறது. கதை விட்டுச்சென்ற குறையை வழிபாடு நிறைவு செய்கிறது எனலாம்.

நன்னன் காவல்மரத்து மாங்காய்

குறியீட்டு அட்டவணையின் ஆபத்து முழுமையாக வெளிப்படும் இடம் நன்னன் கதை. பரணர் பாடிய குறுந்தொகை 292ஆம் பாடல் தரும் செய்தி இது: நீராடச் சென்ற ஒரு பெண், ஆற்றுநீர் கொண்டுவந்த பசுங்காய் ஒன்றை உண்டாள். அது நன்னனின் மரத்தது. அதற்குத் தண்டமாக எண்பத்தொரு யானைகளையும் அவள் எடைக்கு எடை பொன்னால் செய்த பாவையையும் தர முன்வந்தும் ஏற்காமல் அவன் அவளைக் கொன்றான்.

அட்டவணையைக் கையில் வைத்திருக்கும் வாசகர் இதை ஏதேன் தோட்டத்துக் கதையின் தமிழ் வடிவமாக எளிதில் கொண்டுவிடுவார். விலக்கப்பட்ட மரம், அதன் கனியை உண்ட பெண், தண்டனை என உறுப்புகள் எல்லாம் பொருந்துவதுபோல் தோன்றும். பாடலைச் சற்று நின்று நோக்கினால் பொருத்தம் கலைந்துவிடும். முதலாவதாக, அவள் பறிக்கவில்லை, நீர் கொண்டுவந்தது. இரண்டாவதாக, அது கனியன்று, காய். மூன்றாவதாக, ஏதேன் கதையில் தண்டிப்பவர் நீதியின் பக்கம் நிற்கிறார், உண்டவர் குற்றவாளி. குறுந்தொகையில் கொன்றவனே குற்றவாளி. தலைவியை இரவெல்லாம் காவல்காக்கும் தாயை வெறுத்துரைக்கும் தோழி, பெண்கொலை புரிந்த நன்னனைப் போல அத்தாயும் மீளா நரகம் புகுக என்கிறாள். பாடல் பழிப்பது உண்டவளை அன்று, கொடாதவனை. அட்டவணை வழியே வாசித்தால் இப்பழி இடம் மாறிக் கொலையுண்டவள் மேல் விழுந்துவிடும். குறியீட்டு வாசிப்பு அநீதியாகவும் முடியும் என்று மேலே கூறியது இதனால்தான்.

கொங்கு மக்கள் இக்கதையை எவ்வாறு வைத்துக்கொண்டனர் என்பது மேலும் தெளிவு தருகிறது. பொள்ளாச்சியை அடுத்த ஆனைமலையில் மல்லாந்து கிடந்த கோலத்தில் வழிபடப்படும் மாசாணியம்மனை, நன்னனால் கொல்லப்பட்ட பெண்ணாகவே தலவரலாறும் மக்கள் வழக்காறும் கொள்கின்றன. சங்கப் பாடலுக்கும் இத்தலத்துக்கும் உள்ள வரலாற்றுத் தொடர்பை எவ்வாறு மதிப்பிட்டாலும், வழக்காறு எந்தப் பக்கம் நின்றது என்பதில் ஐயமில்லை. இக்கோயிலில் பொருளைக் களவு கொடுத்தோர் நீதிக்கல்லில் மிளகாய் அரைத்துப் பூசி முறையிடுகின்றனர். காயைத் திருடியவள் என்று கொல்லப்பட்டவளிடமே இன்று களவு பற்றிய வழக்குகள் தீர்ப்புக்கு வருகின்றன. ஏதேன் கதையின் கனி மனித இனத்தின் பாவத்திற்குக் குறியீடாயிற்று. ஆனைமலையின் மாங்காய் அதிகாரத்தின் பாவத்திற்குக் குறியீடாயிற்று.

சித்திரைக்கனி: சத்தியமங்கலத்துத் தாம்பாளம்

நிலைப்பொருள் ஓவியம் தமிழ் மரபில் வளரவில்லை என்று கூறுவதுண்டு. துணியில் தீட்டிய எண்ணெய் வண்ண ஓவியத்தை மட்டும் கணக்கிட்டால் அக்கூற்று ஓரளவு சரி. சித்தன்னவாசலில் தாமரைக் குளம் உண்டு. தஞ்சை ஓவியங்களில் தெய்வத்தின் முன் படையலும் உண்டு. எனினும் தனித்த பழக்கூடை ஒன்றைப் பார்வைக்குரிய முழுப்பொருளாக நிறுத்தும் வழக்கம் அங்கு முதன்மை பெறவில்லை. ஆனால் பொருள்களை அழகுற அடுக்கிப் பார்வைக்கு நிறுத்தும் கலை வேறிடத்தில் இருக்கிறது. கோவை, ஈரோடு மாவட்டங்களை உள்ளிட்ட கொங்குப் பகுதியில் சித்திரை முதல்நாள் நிகழும் கனி காணுதல் அவ்வாறானது.

பவானியாற்றங்கரை ஊரான சத்தியமங்கலத்தை எடுத்துக்கொள்ளலாம். ஒருபுறம் கொடிவேரி அணையிலிருந்து பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் பாயும் வாழைத் தோட்டங்கள். மறுபுறம் திம்பம் மலைப்பாதையும் காடும். பண்ணாரி மாரியம்மன் கோயிலில் பங்குனிக் குண்டம் முடிந்த சில நாள்களில் சித்திரை பிறக்கிறது. அதன் முந்திய இரவில், வீட்டுப் பூசையிடத்தில் கண்ணாடி ஒன்றை நிறுத்தி, அதன் முன் தாம்பாளத்தில் மா, பலா, வாழை என முக்கனியும் எலுமிச்சை, வெற்றிலை பாக்கு, பூ, நகை, நாணயம் ஆகியனவும் அடுக்கப்படும். பெரும்பாலும் வீட்டுப் பெண்களே இதனைச் செய்வர். விடியலில் ஒவ்வொருவரும் கண்ணை மூடியபடியே வந்து முதற்பார்வையாக அதைக் காண்பர். பெரியவர்கள் சிறியவர்களுக்குக் காசு கொடுப்பர்.

கலை நோக்கில் இத்தாம்பாளத்தில் மூன்று கூறுகள் கருதத்தக்கன. முதலாவது, இது பிறர் காண்பதற்காக ஒருவர் அடுக்கியது. அடுக்கும்போது அவர் மனத்தில் காண்பவர் இருக்கிறார். இரண்டாவது, கண்ணாடி. மேலை ஓவியத்தின் முன் நிற்பவர் படத்திற்கு வெளியே நிற்கிறார். கனி காண்பவரோ கனிகளுக்கு நடுவே தம் முகத்தையும் காண்கிறார். அவரும் அக்காட்சியின் ஒரு பொருளாகிவிடுகிறார். மூன்றாவது, இது நிலைக்காதது. ஓவியத்தின் பழம் அழுகும் தறுவாயிலேயே நூற்றாண்டுகளாக நிறுத்தப்பட்டிருக்கிறது. தாம்பாளத்தின் பழம் அன்றே சீப்பு பிரிக்கப்பட்டு, சுளை எடுக்கப்பட்டு, வீட்டார்க்கும் அண்டை வீட்டார்க்கும் போய்ச் சேர்கிறது. அதன் முடிவு அழுகல் அன்று, பகிர்வு.

இன்றைய தாம்பாளங்களில் ஒட்டுத்தாள் நீக்கப்படாத ஆப்பிளும் கிவியும் டிராகன் பழமும் இடம்பெறுகின்றன. அட்டவணையின்படி, சத்தியமங்கலத்து வீட்டில் சித்திரை விடியலில் வைத்த ஆப்பிள் மனிதனின் வீழ்ச்சியைக் குறிக்க வேண்டும். அவ்வாறு யாரும் காண்பதில்லை என்பது வெளிப்படை. அந்த ஆப்பிள் கூறுவது வேறு: முன்பு வாய்க்கால் கரையும் மலைச்சரிவும் நிறைத்த தட்டை இன்று தொலைதூரச் சந்தை நிறைக்கிறது. ஆய்வாளர் காண வேண்டிய பொருள் இதுவே. கை இன்னும் இருக்கிறது. ஆனால் அது நீண்டு, கண்ணுக்குத் தெரியாத தூரத்திற்குப் போயிருக்கிறது.

எழக்கூடிய தடைகள்

இக்கருத்துக்கு மூன்று தடைகள் எழக்கூடும். நிலையாமையைக் கனியால் உணர்த்துவது தமிழுக்கு அயலானதா என்பது முதல் தடை. அயலானதன்று. சமணர் படைப்பான நாலடியார், இளமை நிலையாமை அதிகாரத்தில், சோலையின் பயன்மரங்கள் கனி உதிர்ந்து நிற்றலை இளமை கழிதலுக்கு உவமையாக்குகிறது. கொங்கு நாடும் சமணம் தழைத்த நாடுதான்; பெருங்கதை தந்த கொங்குவேளிரின் விசயமங்கலமும் நன்னூல் தந்த பவணந்தியாரின் சீனாபுரமும் இன்றைய ஈரோடு மாவட்டத்தில்தான் உள்ளன. எனினும் நாலடியாரின் உவமையை நோக்கினால், அங்கும் கனி மேசையில் அழுகவில்லை, மரத்திலிருந்து உதிர்கிறது. மரத்திற்கு இட்ட அடை ‘பயன்’ என்பது. இளமை கழியுமுன் பயன்பட வேண்டும் என்னும் அறிவுரைக்கே நிலையாமை அங்குத் துணைநிற்கிறது. துறவு பேசும் நூலிலும் கனியைப் பயனிலிருந்து பிரிக்க இயலவில்லை.

இது தமிழ்ப் பெருமை பேசும் வாதமாகிவிடாதா என்பது இரண்டாம் தடை. ‘செனியா’ பற்றிய செய்தி இதற்கு விடையாகும். கொடையின் வழியே கனியைக் காண்பது ஓர் இனத்தின் தனியுரிமையன்று. தமிழில் அப்பார்வை இலக்கணமாகவும் வழக்காறாகவும் தொடர்ந்து கிடைக்கிறது என்பதே இங்கு வலியுறுத்தப்படுகிறது.

மூன்றாம் தடை மற்ற இரண்டினும் வலியது. கையை முன்னிறுத்தினால், எல்லாக் கைகளும் சமமாக இருந்தனவா என்று கேட்க வேண்டிவரும். கேட்கத்தான் வேண்டும். கொடுத்தலும் கொள்ளுதலும் தமிழ்ச் சமூகத்தில் சாதியால் அளக்கப்பட்டவை. சமைத்த சோறு கடக்காத எல்லைகளைச் சமைக்காத கனி கடந்ததுண்டு. ஆனால் கையிலிருந்து கைக்குச் சென்றதா, தரையில் வைத்து எடுக்கச் சொல்லப்பட்டதா என்பதில் ஒரு வரலாறே அடங்கியிருக்கிறது. சத்தியமங்கல மலைகளின் ஊராளி, சோளகர் மக்கள் சேகரிக்கும் நெல்லியும் கடுக்காயும் தேனும் சமவெளிச் சந்தைக்கு வந்து சேரும்போது, டச்சு மேசையின் மிளகைப் போலவே சேகரித்த கையை இழந்துவிடுகின்றன. கனியின் பொருளைக் கனிக்குள்ளேயே தேடும் வாசிப்பு இவ்வினாக்களை எழுப்பாது. கையைத் தேடும் வாசிப்பு இவற்றைத் தவிர்க்க முடியாது. இது அவ்வாசிப்பின் குறையன்று, வலிமை.

ஓவிய வாசிப்புக்குச் சில வினாக்கள்

1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் சென்னையில் தொடங்கிய கலைப்பள்ளியின் வழிவந்த ஓவியக் கல்வியில், மேசைமேல் வைத்த பொருள்களைப் பார்த்து வரைதல் அடிப்படைப் பயிற்சியாக இன்றும் தொடர்கிறது. பயிற்சி என்ற அளவில் அது ஒளியையும் நிழலையும் கற்பிக்கிறது. ஆனால் பயிற்சியோடு வந்த குறியீட்டுப் பொருளையும் கேள்வியின்றி ஏற்க வேண்டியதில்லை. கோயம்புத்தூரில் 1911இல் பிறந்து, அப்பள்ளியிலேயே பயின்று அதன் முதல்வராகவும் விளங்கிய கே.சி.எஸ். பணிக்கர், 1960களில் ‘சொற்களும் குறியீடுகளும்’ என்னும் ஓவிய வரிசையைப் படைத்தார். எழுத்துப்போலத் தோன்றி வாசிக்க இடம்தராத வரிகளும், கட்டங்களும், சாதகக் குறிப்புப்போன்ற அடையாளங்களும் அவற்றில் நிறைந்துள்ளன. அகராதியில் தேடிப் பொருள் காண இயலாத குறியீடுகளை வேண்டுமென்றே தீட்டியவர், குறியீடு என்பது தேடி எடுக்கும் சொற்பொருள் அன்று என்பதை உணர்த்தியவராவார்.

ஆகவே தமிழ்ச்சூழலில் தோன்றும் கனியோவியம் ஒன்றையோ, கவிதையில் வரும் கனியையோ அணுகும் ஆய்வாளர் ‘இப்பழம் எதன் குறியீடு?’ என்று தொடங்குவதைவிட வேறு மூன்று வினாக்களோடு தொடங்குவது பயன்தரும். இதை இங்கு வைத்தவர் யார்? யாருக்காக வைத்தார்? இனி இது எங்கே செல்லும்? படத்தில் கை காணப்படாவிட்டால், அது மறைந்திருக்கிறதா, மறைக்கப்பட்டிருக்கிறதா என்பது நான்காம் வினாவாகும். உள்ளுறையும் இறைச்சியும் பயின்ற தமிழ் ஆய்வாளர்க்கு இவை புதியன அல்ல. செய்யுளில் கூறாது விடப்பட்டதைத் தேடும் பழக்கத்தை ஓவியத்தின்பாலும் செலுத்துவதே வேண்டுவது.

முடிவுரை

மேலை ஓவியத்தின் கனிக்குறியீடுகள் குறிப்பிட்ட சமயத்திலும் வணிகத்திலும் விளைந்தவை. அவ்வோவியங்களை அறிய அவை இன்றியமையாதவை. அவற்றை எல்லாக் கனிகளுக்கும் உரிய பொது அகராதியாக்குவதே மறுக்கத்தக்கது. அதியமானின் நெல்லி, நன்னனின் மாங்காய், பழனியின் பழம், சித்திரை விடியலின் தாம்பாளம் ஆகிய நான்கும் கொங்கு மண்ணைச் சூழ்ந்து கிடைக்கும் சான்றுகள். முதலாவது கொடுத்தலையும் இரண்டாவது கொடாமையையும் மூன்றாவது பங்கிடலின் சிக்கலையும் நான்காவது பகிர்தலையும் பேசுகின்றன. எதிலும் பழம் தனித்துப் பேசவில்லை.

பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளில் ஓவியமும் இலக்கியமும் இணைத்து ஆராயப்படும் இக்காலத்தில், குறியீடு என்ற ஒற்றைக் கலைச்சொல்லின்கீழ் எல்லாவற்றையும் அடக்காமல், உள்ளுறை என்னும் பழைய கருவியை ஓவியத்தின்மீது செலுத்திப் பார்க்கும் ஆய்வுகள் பெருக வேண்டும். அவ்வாறு செய்யும்போது, தீட்டிய பழத்தின் வண்ணத்தோடு அதைப் பறித்தவர், சுமந்தவர், அடுக்கியவர், உண்டவர், உண்ண இயலாதவர் அனைவரும் ஆய்வுக்குள் வருவர். நீரில் மிதந்துவந்த ஒரு காய்க்காகக் கொல்லப்பட்டவளுக்குச் சங்கப் புலவர் அளித்த நீதியை ஆய்வுலகம் தவறவிடாதிருக்க அதுவே வழி.